தினமும் இருபது கிலோமீட்டர்: எந்த சைக்கிள் உடம்புக்கு ஒத்துவரும்?

குரோம்பேட்டையில் என் வீட்டிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். போக வர இருபது. ஆறு ஆண்டுகளாக வாரத்தில் ஐந்து நாள் இந்தத் தூரத்தை சைக்கிளில்தான் கடக்கிறேன். இதற்குள் மூன்று வண்டிகள் மாறிவிட்டன. நான்காவதாக ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். புதிதாக சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கியர் எத்தனை?" அடுத்தது, "சீட் மெத்தென்று இருக்குமா?" இந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முக்கால் மணி நேரம் மிதித்து இறங்கிய பிறகு இடுப்பும் மணிக்கட்டும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஏறி உட்கார மனம் வர வேண்டும். அப்படி மனம் வராத வண்டி எவ்வளவு நல்ல வண்டியானாலும் மாடிப்படிக்குக் கீழே தூசு படிந்து கிடக்கும்.

கடைத்தெரு வரை போய்வர எந்த சைக்கிளும் போதும். நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு உடற்பயிற்சியும் பழக்கமும் வேறு. நான் பேசுவது இரண்டுக்கும் நடுவில், நாளுக்குப் பத்து முதல் முப்பது கிலோமீட்டர் வரை, வெயிலிலும் மழையிலும் விடாமல் ஓட்டுகிறவர்களைப் பற்றி.

முதலில் பழைய பார் வண்டி. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், கேரியர், செயின் கவர். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு சைக்கிள் என்றாலே இதுதான். 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும் லூதியானாவின் தொழிற்சாலைகளும் பல பத்தாண்டுகள் இந்த வடிவத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அப்பாவின் பார் வண்டியை ஓவராயிலிங் செய்து, இரண்டு டயரையும் மாற்றி, முதல் ஒன்றரை ஆண்டு அதில்தான் போனேன்.

வசதி என்று பார்த்தால் இந்த வண்டியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. முதுகு நிமிர்ந்திருக்கும், கழுத்து நோகாது, போக்குவரத்து முழுவதும் கண்ணுக்கு எதிரே தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து வளைந்திருப்பதாலும் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம் என்பதாலும் பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராக முதுகில் ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் டயர் ஒன்றரை அங்குல அகலம், அதாவது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடியும் வரும். மட்கார்டு சேற்றைத் தடுக்கிறது. செயின் கவர் இருப்பதால் வேட்டியோ பேண்ட்டோ கறைபடாது. பஞ்சரானால் எந்தத் தெருமுனைக் கடையிலும் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம்.

ஆனால் மூன்று குறைகள் உண்டு. முதலாவது எடை. கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து இருபது கிலோவை நெருங்கும். இரண்டாவது, ஒரே கியர். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னதில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். சமதளத்துக்கு இது அருமையான கணக்கு. பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் தொடை எரியும், பெடலில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். மாலையில் கடற்காற்று வீசும்போதும் இதே நிலைதான். நிமிர்ந்த உடம்பு பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், இறக்கிக்கொள்ளவோ சின்ன கியர் கிடையாது.

மூன்றாவது குறைதான் என்னை அந்த வண்டியிலிருந்து இறக்கியது. முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை வழுக்கும். ஒரு நவம்பர் மாலை மீனம்பாக்கம் அருகே, முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் முழுவதுமாகப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. ஆட்டோவின் பின்பக்கத்தில் மோதி விழுந்தேன். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்காலில் சிராய்ப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்தாலேயே கம்பி பிரேக் வண்டியை நான் சொல்வதில்லை.

அடுத்து வாங்கியது மவுண்டன் பைக். கடையில் கண்ணைப் பறித்தது அதுதான். தடித்த டயர், டிஸ்க் பிரேக், முன்னால் ஷாக் அப்சார்பர், 21 கியர். மேடு பள்ளமான சாலைக்கு ஷாக் அப்சார்பர் இருந்தால்தானே வசதி என்று எனக்கும் தோன்றியது. இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் இப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். குறைந்த விலை வண்டிகளில் வரும் முன் ஃபோர்க்கில் இருப்பது வெறும் சுருள்கம்பி. அமுங்கினால் திரும்பத் துள்ளும், துள்ளலை அடக்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்காது. எழுந்து நின்று மிதித்தால் காலின் பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். வண்டிக்கு ஓரிரு கிலோ கூடுதல் எடையும் அதனால்தான். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் என் வண்டியின் ஃபோர்க் துருப்பிடித்து இறுகிப்போனது. அதன்பிறகு அது அசையாத, கனமான ஒரு குழாய்.

முள்முள்ளான டயரும் அப்படித்தான். மண்ணிலும் சேற்றிலும் பிடிப்புக் கொடுக்கத்தான் அந்த முட்கள். தார்ச்சாலையில் அவை உர்ரென்று இரைந்துகொண்டே உழைப்பைத் தின்னும். அதே வண்டிக்கு வழவழப்பான டயர் மாற்றிய நாளில், காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏற்கெனவே வீட்டில் மவுண்டன் பைக் வைத்திருக்கிறவர்கள் வேறு எதிலும் பணம் போடுவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள். ஏலகிரி, கொல்லிமலைப் பக்கம் மண்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல மவுண்டன் பைக் தேவைதான். ஆனால் அந்த வேலைக்கான ஃபோர்க்கின் விலையில் ஒரு முழு சைக்கிளையே வாங்கிவிடலாம்.

இப்போது மூன்றாண்டுகளாக ஓட்டுவது ஹைபிரிட், அதாவது மவுண்டன் பைக்குக்கும் மெல்லிய டயர் ரோடு பைக்குக்கும் இடைப்பட்ட வகை. நேரான கைப்பிடி, அசையாத முன் ஃபோர்க், 700சி என்ற அளவுள்ள சக்கரம், 38 மில்லிமீட்டர் டயர். ஆம், அப்பாவின் பார் வண்டியில் இருந்த அதே அகலம். மூன்று வண்டி மாறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது, சாலையின் அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்று போதுமான அளவு இருந்து, அளவான அழுத்தத்திலும் இருந்தால், ஊருக்குள் ஓட்ட சுருள்கம்பி தேவைப்படாது. 25 மில்லிமீட்டர் டயருக்கு 80, 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று தேவை, கல் போல இருக்கும். 38 மில்லிமீட்டர் டயருக்கு என் 70 கிலோ எடையில் 50 பி.எஸ்.ஐ. போதுமானதாக இருக்கிறது. சாலை வெட்டிப் போட்டிருக்கும் இடங்களில் இந்த வித்தியாசத்தை உள்ளங்கையிலேயே உணரலாம்.

ஹைபிரிட்டின் எடை 13, 14 கிலோ. முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று கியரை இறக்கினால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டேகால் மீட்டருக்குள் நகரும். பார் வண்டியில் மிதிப்பதில் பாதிக்கும் குறைவான பலமே போதும், மேம்பாலத்தில் உட்கார்ந்தபடியே ஏறலாம். 21 கியர் வேண்டியதில்லை. சென்னை போன்ற சமதள ஊருக்கு முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஏழெட்டும் போதும். பராமரிப்பும் குறையும். மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக் மழையில் கைவிட்டதில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. கடையில் தரும்போது பல ஹைபிரிட்களில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் இருக்காது. மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழைநாளில் அலுவலகம் போனால் முதுகில் சேறு கோடாக ஏறியிருக்கும். வாங்கும்போதே ஃபிரேமில் இவற்றைப் பொருத்தத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயின் கவர் இருக்காது, பேண்ட்டை மடித்துவிட வேண்டும். நேரான கைப்பிடியில் கை ஒரே நிலையில் இருப்பதால் அரைமணி நேரத்துக்குப் பிறகு சுண்டுவிரல் மரத்துப்போகலாம். உள்ளங்கையைத் தாங்கும் அகலமான பிடிகளை மாற்றியபின் எனக்கு அது நின்றது.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது: காற்றடிக்கும் வால்வு. சில ஹைபிரிட்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு வரும். தெருமுனைக் கடையின் பம்ப் அதில் பொருந்தாது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ள ட்யூபைக் கேட்டு வாங்குங்கள். அல்லது சில ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன பித்தளை அடாப்டரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கி நான் கற்றது இது.

நண்பரிடம் இரவல் வாங்கியது ரோடு பைக். பத்து கிலோ எடை, வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும், அதாவது வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. ஆகவே குனிந்து ஓட்டுகிறவருக்கு மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் பெரிய லாபம் உண்டு. ஆனால் பத்து கிலோமீட்டரில் பதினைந்து சிக்னல் நிற்கிற சாலையில் அந்த வேகமே எப்போதாவதுதான் வாய்க்கும். கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். மூடி பெயர்ந்த சாக்கடைப் பள்ளம் ஒவ்வொன்றையும் கண் தேட வேண்டும். விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர அதைவிட நல்ல வண்டி கிடையாது. வேலைக்குப் போய்வர வேண்டாம்.

மின்சார உதவி கொண்ட சைக்கிளை நான் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை, ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவற்றுக்குப் பதிவோ ஓட்டுநர் உரிமமோ வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், வியர்க்காமல் போய்ச் சேர வேண்டியவர்களுக்கும், குன்னூர் போன்ற ஏற்றமான ஊர்க்காரர்களுக்கும் அது வரம். பேட்டரி தீர்ந்த பிறகு இருபது கிலோவுக்கு மேல் உள்ள வண்டியைக் காலால் இழுக்க வேண்டும் என்பதையும், மாடிவீடு என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சீட். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் உடம்பின் எடை பெரும்பாலும் சீட்டில் இறங்கும், அதனால்தான் பார் வண்டிக்கு அகலமான ஸ்பிரிங் சீட். சற்று முன்சாய்ந்து ஓட்டினால் எடையைக் கையும் காலும் பங்கிட்டுக்கொள்ளும், அங்கே அகலமான சீட் தொடையை உரசிப் புண்ணாக்கும். ஆகவே சீட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, கைப்பிடியின் உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜெல் உறை முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் உட்காரும் எலும்பு அதில் புதைந்து, அழுத்தம் நடுவில் ஏறி மரத்துப்போகும். கொஞ்சம் கெட்டியான, எலும்புகள் நன்றாகப் பதியும் அகலமுள்ள சீட்டே தூரத்துக்கு நல்லது.

சீட்டின் உயரத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று தாழ்த்தி வைத்துவிடுகிறோம். முழங்கால் வலிக்கு முதல் காரணம் இதுதான். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுவதும் நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இந்த ஒரு திருத்தத்துக்கு ஒரு ஸ்பேனர் போதும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலையில் நாளுக்குப் பத்து முதல் முப்பது கிலோமீட்டர் ஓட்ட, ஷாக் அப்சார்பர் இல்லாத, 35 முதல் 42 மில்லிமீட்டர் டயர் போடக்கூடிய ஹைபிரிட்டை வாங்குங்கள். மட்கார்டு, கேரியர், விளக்குக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அந்த மிச்சத்தை இவற்றில் போடலாம். நெரிசல் இல்லாத, சமதளமான, சிறிய ஊரில் இருக்கிறவர்களுக்கு என் இரண்டாவது தேர்வு பார் வண்டி. மழையில் மட்டும் மெதுவாகப் போங்கள். பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கிடைத்த சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால் புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். கோட்டம் எடுத்து, ஓவராயிலிங் செய்து, பிரேக் கட்டைகளை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப்பாருங்கள். உங்களுக்கு எது குறைகிறது என்று அந்த ஒரு மாதமே காட்டிவிடும்.

கடைக்குப் போகும்போது அலுவலக உடையிலேயே போங்கள், வழக்கமாகச் சுமக்கும் பையும் தோளில் இருக்கட்டும். காற்றைச் சரியான அளவில் அடிக்கச் சொல்லி, சீட்டை உங்கள் காலுக்கு ஏற்ப உயர்த்தி, கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பதோடு நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட்டிப்பாருங்கள். வேகத்தடையும் குழியும் உள்ள தெருவாகப் பார்த்துப் போங்கள். ஓட்ட விடாத கடையில் வாங்காதீர்கள்.