"பெறப்பட்டது" முத்திரை ஊர்வல அனுமதி ஆகாது: சேலம் விழாக் குழுவினர் கவனத்திற்கு

கோட்டை மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டு நடந்துவிட்டால், குகை, அம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம், செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் அம்மனுக்கு விழா எடுக்கத் தயாராகிவிடும். அந்த நாட்களில் விழாக் குழுக்களைத் தேடி வந்து, ஊர்வல அனுமதி முதல் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், வண்டி அலங்காரம் வரை அனைத்தையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் சென்ற ஆடியில் எங்கள் தெரு 46,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தது. விழாக் குழுச் செயலாளர் என்ற முறையில் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். அடுத்த ஆடிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் குழுவினர் எங்களைப் போல் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறிய தெரு. பெரும்பாலான வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான் நடக்கிறது. வீட்டின் முன்கட்டே பட்டறை. விழாவுக்காகத் தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய் வரி போட்டோம். 62 தலைக்கட்டும், வேலை குறைந்திருந்த வீடுகள் உட்பட, பாக்கி வைக்காமல் கொடுத்தன. வெகு நாட்களாக நின்றுபோயிருந்த வண்டி வேடிக்கையைத் திரும்ப நடத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் இருந்த ஆசை. பிள்ளைகளுக்கு முருகன், மீனாட்சி, காளி என்று வேடம் கட்டி, அலங்கரித்த இரண்டு வண்டிகளில் நிறுத்தி, வீதிவீதியாக அழைத்துச் செல்வது என்று முடிவானது.

அனுமதி வாங்கும் வேலை எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. பக்கத்துத் தெருவுக்குப் பந்தல் போட்ட ஒருவரின் வழியாக இந்த ஏற்பாட்டாளர் அறிமுகமானார். ஒலி, ஒளி, ஜெனரேட்டர், அலங்காரம் ஆகியவற்றுக்கு 32,000, அனுமதிக்கு மட்டும் 14,000 என்று பிரித்துச் சொன்னார். அனுமதிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டபோது, பல அலுவலகங்கள் ஏறி இறங்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் செலவு உண்டு, நீங்கள் போனால் நாள்கணக்கில் அலையவிடுவார்கள் என்றார். குழுவினர் மூவரின் ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டு போனவர், விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து கொடுத்து, "அனுமதி கிடைத்துவிட்டது, இதை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

முதல் தாள் மாநகராட்சியின் ரசீது. இரண்டாவது, மாநகரக் காவல் ஆணையருக்கு எழுதப்பட்ட விண்ணப்பத்தின் நகல். அதன் மேல்முனையில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. இரண்டுமே போலி அல்ல என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போலித் தாளைக் கொடுத்திருந்தால் எங்களில் படித்த பிள்ளை யாராவது ஒருவேளை கண்டுபிடித்திருப்பான். உண்மையான தாள்களைக் கொடுத்து, அவற்றில் இல்லாத பொருளைச் சொல்லி ஏமாற்றியதால்தான் யாருக்கும் ஐயம் எழவில்லை. மாநகராட்சி ரசீது, தெரு முனையில் அலங்கார வளைவு வைப்பதற்காகப் பணம் கட்டியதற்கு உரியது. ஊர்வலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காவல் துறைத் தாளில் இருந்த முத்திரையின் வாசகம் "பெறப்பட்டது" என்பது மட்டுமே. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று. அனுமதி கொடுத்தாயிற்று என்பதற்குச் சான்று அல்ல. அதுவும் விழாவுக்கு மூன்றே நாட்களுக்கு முன்னர்தான் கொடுக்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் ஊர்வல நேரம் மாலை 4 மணி முதல் 6 மணி வரை என்றும், வழியாக எங்கள் வண்டிகள் போகவே போகாத ஒரு சாலையும் எழுதப்பட்டிருந்தன. வேறு யாருக்கோ எழுதிய தாளில் தெருப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஒரு முறை முழுமையாக வாசித்திருந்தாலே தெரிந்திருக்கும். முத்திரையைப் பார்த்த நிறைவில் நான் வாசிக்காமல் பீரோவில் வைத்தேன். அந்தத் தவறு என்னுடையது.

விழா அன்று இரவு எட்டு மணிக்கு மேளம் முழங்க வண்டிகள் புறப்பட்டன. பிள்ளைகளுக்கு மதியம் இரண்டு மணியிலிருந்தே அரிதாரம் பூசத் தொடங்கியிருந்தார்கள். முருகன் வேடம் கட்டிய ஒன்பது வயதுச் சிறுவன், வேடம் கலைந்துவிடும் என்று தண்ணீர்கூட அளவாகக் குடித்துவிட்டு, வேலைப் பிடித்தபடி ஆடாமல் நின்றிருந்தான். லீ பஜார்ப் பக்கம் திரும்பும் இடத்தில் காவலர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். நான் உறையோடு ஓடிப்போய்த் தாள்களை நீட்டினேன். உதவி ஆய்வாளர் டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் வாசித்துவிட்டு, "ஐயா, இது ஆணை இல்லையே, ஆணை எங்கே?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் அவர் எதைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. அதே சந்திப்பு வழியாக, முறையாக அனுமதி பெற்ற வேறொரு கோவிலின் ஊர்வலம் அரைமணி நேரத்தில் வரவிருந்தது. குறுகலான அந்த இடத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் பொறுமையாகவே சொன்னார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. எங்கள் வண்டிகள் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டன. குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். ஏற்பாட்டாளருக்கு நானும் பொருளாளரும் மாறி மாறி அழைத்தோம், கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. தெருவுக்குத் திரும்பும் வரை அந்தச் சிறுவன் வேலைக் கீழே வைக்கவில்லை. "சாமி ஏன் திரும்பிப் போகுது?" என்று வழியில் ஒரு குழந்தை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் ஆய்வாளர் எங்களை உட்காரவைத்து விளக்கிய பிறகுதான், நாங்கள் தவறான கதவைத் தட்டியவரை நம்பியிருக்கிறோம் என்பது புரிந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி தருவது மாநகராட்சி அல்ல, காவல் துறை. சென்னைக்கென்று 1888ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் சேலம் போன்ற மாநகரங்களுக்கும் நீட்டிக்கப்பட்ட நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொது இடக் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்குத் தருகிறது. மாநகர எல்லைக்கு வெளியே, ஏற்காடு, ஓமலூர் போன்ற இடங்களில், 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின்படி மாவட்டக் காவல் துறையை அணுக வேண்டும். விண்ணப்பம் எங்கே கொடுக்கப்பட்டாலும், உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை இல்லாமல் ஆணை வராது. புறப்படும் இடம், கடக்கும் சந்திப்புகள், முடியும் இடம், நேரம், வண்டிகளின் எண்ணிக்கை, பொறுப்பாளர்களின் பெயர், தொண்டர்கள் எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் பார்த்து, அதே நாளில் வேறு ஊர்வலம் உண்டா என்பதையும் சரிபார்த்து, நிபந்தனைகளோடு எழுத்து வடிவில் ஆணை தருவார்கள். அந்த ஆணைக்கு ஓர் எண் இருக்கும். விண்ணப்பித்தவரின் பெயர் இருக்கும். வழியும் நேரமும் குறிப்பிடப்பட்டிருக்கும். இவை இல்லாத தாளை யார் கொடுத்தாலும் அனுமதி என்று ஏற்காதீர்கள்.

அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்கள் எல்லோருக்கும் தந்திருக்கிறது. சாலைகளில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர, முற்றாகத் தடுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டிலேயே, அகமதாபாத் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக வழி உண்டு. இப்படிக் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றைத்தான் நாங்கள் 14,000 ரூபாய்க்கு வாங்கும் சலுகை என்று நினைத்துவிட்டோம். அரசுக்குக் கட்டணம் ஏதேனும் கட்டினால் அதற்கு ரசீது கிடைக்கும். ரசீது காட்ட முடியாத தொகைக்கு ஏற்பாட்டாளர் என்ன பெயர் வைத்தாலும் கட்டணம் என்று நம்ப வேண்டாம்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் அவர் எங்களுக்குத் தவறான உறுதி கொடுத்திருந்தார். இரவு பன்னிரண்டு வரை போட்டுக்கொள்ளலாம், ஆடியில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு, ஏற்பாட்டாளருக்கு இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாகக் கருதப்படலாம் என்பதால், வழியைத் தீர்மானிக்கும்போதே அவற்றை விலக்கிவிடுவது நல்லது.

நினைக்கும்போதே நடுங்கச் செய்யும் ஒன்றைக் கடைசியில்தான் அறிந்தோம். எங்கள் வண்டிகளின் அலங்காரம் தெருவின் மின்கம்பிகளுக்கு மிக அருகே உயர்ந்திருந்தது. மின்வாரியத்துக்கு அவர் எந்தக் கடிதமும் கொடுக்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர், உயர் அழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். வண்டியின் உயரத்தையும் போகும் வழியையும் குறிப்பிட்டு உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், வண்டி கடக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தக் கேட்கலாம். எங்கள் பிள்ளைகள் அந்தக் கம்பிகளுக்கு அடியில் இரண்டு தெருக்கள் போய், அதே வழியில் திரும்பி வந்திருக்கிறார்கள். அன்று காவலர்கள் வழிமறித்ததற்காக அவர்கள் மேல் கோபப்பட்ட பெற்றோர்கள்கூட, இதைச் சொன்ன பிறகு அமைதியாகிவிட்டார்கள்.

மாநகராட்சிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலையில் பந்தல், வளைவு, பேனர் வைப்பது, பள்ளம் தோண்டிக் கம்பம் நடுவது, குப்பை அகற்றுவது, குடிநீர் லாரி ஆகியவற்றுக்கு மண்டல அலுவலகத்தை அணுகத்தான் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் எந்த வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததற்குப் பிறகு, அனுமதியில்லாப் பேனர் விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு உரிய சாலையில் வளைவு வைத்தால், மாநகராட்சி ரசீது அங்கேயும் போதாது.

ஏற்பாட்டாளரை நான்காம் நாள் நேரில் பிடித்தோம். விண்ணப்பம் கொடுத்தது உண்மை, முத்திரை உண்மை, என் வேலை அதோடு முடிந்தது என்றார். ஒலிபெருக்கியைப் பறிகொடுத்ததற்கு நாங்கள் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் கேட்டார். அவருக்குக் கொடுத்த தொகையில் 20,000 ரூபாய் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருந்ததும், "அனுமதி கிடைத்துவிட்டது" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை எங்கள் பொருளாளர் அழிக்காமல் வைத்திருந்ததும் மட்டுமே இன்று எங்களுக்குத் துணை. மீதி 26,000 ரொக்கமாகக் கொடுத்தோம்; அதற்குக் கைச்சீட்டுகூட இல்லை. காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து, புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெற்றிருக்கிறோம். வழக்கறிஞர் அறிவிப்புக்கு அவர் பதில் அனுப்பவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம் என்பதால், அந்த மனுவை எழுதி முடித்துவிட்டோம்.

இந்த ஆண்டு விண்ணப்பத்தை நானும் பொருளாளரும் எங்கள் கையால் எழுதினோம். வழியைத் தெருக்காரர்களோடு நடந்து பார்த்து, கம்பி தாழ்ந்த இரண்டு இடங்களைத் தவிர்த்து வரைபடம் போட்டோம். வண்டியின் உயரத்தை அளந்து மின்வாரியத்துக்குத் தனிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் இப்போது இருப்பதும் "பெறப்பட்டது" முத்திரைதான். ஆணை கைக்கு வரும் வரை வண்டிக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது.