சின்னக் கிளஸ்டருக்கு எந்த ஃபைல் சிஸ்டம்? என்.எஃப்.எஸ்., குளஸ்டர்எஃப்எஸ், செஃப், பீஜிஎஃப்எஸ் ஓர் அலசல்

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு பக்கம், அழகப்பா பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். மின்பகுளி, எலெக்ட்ரோடு என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. பெரிய இடத்துக்குப் பெரிய வசதி வந்துவிடும். நான் பேசுவது ஒரு துறையின் சின்ன ஆய்வகத்தைப் பற்றி: நாலு முதல் எட்டு நோடு (சேர்ந்து ஒரே கிளஸ்டராகக் கணக்குப் போடும் கணினிகள்), ஒரு ஜிகாபிட் சுவிட்ச், ஒரு யுபிஎஸ். எல்லா நோடுக்கும் பொதுவாகக் கோப்புகளை வைக்க எந்த ஃபைல் சிஸ்டம் என்பதுதான் கேள்வி. பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. பிஎச்.டி. செய்யும் ஒருவர் பார்த்துக்கொள்வார், பட்டம் வாங்கியதும் போய்விடுவார். அவருக்குப் பின்னால் வருபவராலும் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு முதல் அளவுகோல். வேகம் அதற்கு அப்புறம்.

என்.எஃப்.எஸ்ஸில் தொடங்குவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. கறாராகப் பார்த்தால் இது தரவைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டமே இல்லை; டிஸ்க் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும், மற்ற நோடுகள் அதை நெட்வொர்க் வழியே மவுண்ட் செய்து, தன் டிஸ்க் போலவே பயன்படுத்தும். நிறுவுவது எளிது. எல்லா நோடிலும் பயனர் எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கோப்பு இன்னொருவர் பேரில் தெரியும். வேகமாக இருக்கிறதே என்று ஏசிங்க் (async) என்ற தெரிவை வைக்காதீர்கள். டிஸ்க்கில் எழுதும் முன்பே ‘எழுதியாச்சு’ என்று சர்வர் பதில் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கோப்பு போச்சு.

இதன் நெருக்கடி எங்கே என்றால், ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி அளவுக்குத்தான் போகும். எட்டு நோடும் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 14 எம்பிகூட முழுசாகக் கிடைக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நோடிலும் ஒரு எஸ்எஸ்டி போட்டு அதை ஸ்கிராட்ச், அதாவது தற்காலிக வேலை இடம், ஆக்குங்கள். ஜாப் (ஒரு கணக்கீட்டு வேலை) தொடங்கும்போது உள்ளீட்டை அங்கே நகல் எடுத்து, ஓட்டி, முடிவை மட்டும் திருப்பி எழுதட்டும். ஒரே நோடுக்குள் முடிகிற ஜாப்களுக்கு இது போதும். ஆனால் சர்வர் படுத்துவிட்டால் எல்லாமே நின்றுவிடும்; அதற்கு இதில் மருந்து இல்லை.

அந்த மருந்தைத் தேடுபவர்கள் முன்பெல்லாம் குளஸ்டர்எஃப்எஸ் பக்கம்தான் போவார்கள். செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை இருக்கும், வளவு எல்லோருக்கும் பொது. இதுவும் அந்த அமைப்புதான். ஒவ்வொரு நோடும் தன் டிஸ்க்கில் ஒரு ‘பிரிக்’ கொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வால்யூம். மெட்டாடேட்டாவுக்கென்று (எந்தக் கோப்பு எங்கே என்ற விவரத்துக்கு) தனி சர்வர் கிடையாது, கோப்பின் பெயரை வைத்தே இடம் முடிவாகிறது. சாதாரண வால்யூமில் கோப்புகள் பிரிக்குள் முழுசாகவே கிடக்கும். நாளைக்கு எல்லாம் கெட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். இது பெரிய ஆறுதல். இரண்டே பிரதி வைத்தால் நெட்வொர்க் அறுந்த நேரத்தில் இரு பக்கமும் தனித்தனியாக எழுதி, எது சரி என்று தெரியாத ஸ்ப்ளிட் பிரெயின் வரும். எது சரி என்று தீர்க்க மூன்றாவதாக ஒரு ஆர்பிட்டர் வைத்தே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் உள்ள அடைவைத் திறந்தால் திணறும். எல்லாவற்றுக்கும் மேல், 2011-ல் இதை வாங்கிய ரெட் ஹேட், தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 கடைசியோடு நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். புதிதாக நிறுவ நான் சொல்ல மாட்டேன்.

செஃப் இன்று உயிர்ப்போடு இருக்கும் திட்டம். சேஜ் வெய்லும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. தரவைத் துண்டாக்கி, கிரஷ் என்ற கணக்கின்படி எந்த டிஸ்க்கில் வைப்பது என்று அதுவே முடிவு செய்யும். மூன்று பிரதி வழக்கம். ஒரு நோடு விழுந்தாலும் ஜாப் ஓடும்.

விலையும் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஓஎஸ்டி என்ற ஒரு நிரல், அதற்கு இயல்பாகவே 4 ஜிபி நினைவகம். நோடுக்கு நாலு டிஸ்க் என்றால் கணக்கீட்டுக்கான ரேமில் 16 ஜிபி காலி. கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் நிரல்களுக்கு இடையே கடிகாரம் 0.05 நொடி விலகினாலே எச்சரிக்கை வரும். மூன்றே நோடில் ஒன்று செத்தால் மூன்றாம் பிரதியை மறுபடி உருவாக்க இடமே இருக்காது. ஆகவே நாலு நோடு வையுங்கள். நோடுக்கு 4 டிபி என்றால் மொத்தம் 16 டிபி, மூன்றால் வகுத்தால் 5.3 டிபி. அதையும் நிரப்பக் கூடாது. ஒரு நோடு போனபின் மீதி மூன்றும் 85 சதவீத எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டாமல் இருக்க, 3.4 டிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 16 டிபிக்குக் காசு கொடுத்துவிட்டு இதைக் கேட்கும் பேராசிரியருக்கு மனசு ஆறாது; ஆனால் வாங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை. பிரதிகள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் போவதால், பத்து ஜிகாபிட் சுவிட்ச் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பீஜிஎஃப்எஸ் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் பிறந்தது. பெரிய கோப்பைப் பல நோடுகளில் பிரித்து எழுதுவதில் நல்ல வேகம், நிறுவுவதும் சிரமமில்லை. ஆனால் பிரதி எடுக்கும் வசதிக்கு உரிமம் வாங்க வேண்டும்; அது இல்லாமல் ஒரு நோடு போனால் அதில் துண்டு உள்ள கோப்புகள் கைக்கு எட்டாது. பல நோடு சேர்ந்து ஓடும் ஜாப்களுக்கு ஸ்கிராட்சாக மட்டும் வைக்கலாம். லஸ்டர் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டமும் உண்டு; அது ஃபிரண்டியர் போன்ற சூப்பர்கணினிகளுக்கானது. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்போடு மல்லுக்கட்டத் தனி ஆள் வேண்டும். எட்டு நோடுக்கு அது தேவையில்லை.

என் தேர்வு: ஒரு நல்ல சர்வரில் என்.எஃப்.எஸ்., நோடுதோறும் ஸ்கிராட்ச், ராத்திரி வேறொரு பெட்டிக்கு பேக்கப். ஆய்வகத்தில் நிரந்தரப் பணியில் ஒருவர் பொறுப்பேற்று, பத்து ஜிகாபிட்டும் வந்தால் செஃப். எதுவானாலும், யுபிஎஸ் பேட்டரி தீரும் முன் நோடுகள் தானாக அணையும்படி முதலில் அமையுங்கள். மூன்று பிரதியும் ஒரே அறையில், ஒரே கரண்டில்தானே இருக்கின்றன. மாணவர்களின் தரவை ஏற்றும் முன் ஒரு சோதனை ஜாப் ஓடும்போதே ஒரு நோடின் பவர் கேபிளைப் பிடுங்கி, என்ன ஆகிறது என்று பாருங்கள். பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி அந்த ரேக்கிலேயே ஒட்டிவிடுங்கள்.