“150 வாட் சார், தாராளமா இழுக்கும்” என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் போச்சு

சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். என் இரண்டு மாதச் சம்பளம் போயிருக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். தியேட்டருக்குப் போய்ப் படம் பார்த்து மூன்று வருடமாகிறது. வீட்டிலேயே நல்ல சத்தத்தோடு பார்க்கட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் அது.

ஆடியோ சாமான் மட்டுமே விற்கிற கடை. டெமோ அறையெல்லாம் உண்டு. ஸ்பீக்கரும், அதற்குப் பவர் கொடுத்து ஓட்டுகிற ரிசீவர் பெட்டியும் அங்கேயே எடுத்தேன். “இந்த ஸ்பீக்கருக்கு இந்த ரிசீவர் போதுமா?” என்று ஒரு முறை இல்லை, இரண்டு முறை கேட்டேன். விற்பனையாளர் அட்டைப்பெட்டியைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருந்த ‘150 வாட்’ மேல் விரலை வைத்தார். “சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், 150 வாட் சார், தாராளமா இழுக்கும். எங்க வீட்லயும் இதே செட்தான் ஓடுது.” அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். சொந்த வீட்டில் வைத்திருப்பவர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். டெமோவில் அதே ஸ்பீக்கர் அறையையே அதிர வைத்தது. அது ஓடியது மேசைக்குக் கீழே இருந்த தனி பவர் ஆம்ப்ளிஃபயரில் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் முதல் படம். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. ஒரு சண்டைக் காட்சி வந்தது. ரிசீவருக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம், திரையும் இருண்டது, சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. மேல் மூடியில் கை வைக்க முடியாத சூடு. ஆறவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் ‘டக்’.

அன்றிரவு அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அவர் விரல் இருந்த இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 6 ஓம் (கரண்டை ஸ்பீக்கர் தடுக்கிற அளவு), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (சத்தம் சிதைவது), ஒரே ஒரு சேனல் ஓடும்போது. அதாவது மற்ற சேனல்கள் சும்மா இருக்க, ஒன்று மட்டும் ஒரே ஒரு சுருதியில் கரகரத்துக்கொண்டு தருகிற 150. கையேட்டில் உண்மையான கணக்கு இருந்தது: 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது 80 வாட். எல்லா சேனலும் சேர்ந்து ஓடினால் அதுவும் கிடைக்காது. (வாட் கணக்கில் விளையாடுவது பழைய வேலை. இதற்காகவே அமெரிக்காவில் 1974இல் விதி போட்டார்கள்.)

ரிசீவரின் முதுகில் ‘6 முதல் 16 ஓம்’ என்று அச்சடித்திருக்கிறது. அவர் என் தலையில் கட்டிய ஸ்பீக்கர் 4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரோடு பார்த்தால் அதே வோல்டேஜுக்கு இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். போதாததற்கு அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 84 டெசிபல்தான். 90 டெசிபல் ஸ்பீக்கர் தருகிற அதே சத்தத்துக்கு இது நான்கு மடங்கு பவர் கேட்கும். இது தெரியாமலா அங்கே நிற்கிறார்கள்?

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், “காற்றோட்டமா வைங்க சார்.” திறந்த மேசையில்தான் இருக்கிறது என்றேன். அடுத்து, “வயர் சரியா மாட்டலை.” எல்லா வயரையும் கழற்றி மாட்டினேன். அப்புறம், “சாஃப்ட்வேர் அப்டேட் போடுங்க.” அதையும் போட்டேன். பிறகு, “மெனுவில் ஓம் செட்டிங்கை 8லிருந்து 6க்கு மாத்துங்க, சரியாயிடும்.” மாற்றினேன். அணைவது நின்றது, சத்தமும் சோர்ந்துபோனது. அந்த செட்டிங் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வசனம் கேட்கவில்லை என்று அப்பா சொல்ல, வால்யூமைக் கூட்டினேன். செட்டிங்கை மாற்றிய இரண்டாவது நாள் இடது ஸ்பீக்கரின் ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தங்களைத் தருகிற சின்ன ஸ்பீக்கர், செத்தது.

பவர் தீர்ந்த ரிசீவர் அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கிவிடும், அப்படி வெட்டுப்பட்ட சத்தத்தின் சுமை ட்வீட்டர் மேல் விழும் என்று சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் விளக்கினான். அவன் ஒருவன்தான் இதுவரை என்னிடம் நேராகப் பேசியவன். ஆனால் ரிப்போர்ட்டில் எழுதியது “பயன்படுத்தியவரின் தவறு, வாரண்டி இல்லை.” கடையில் கேட்டால், மாற்றித் தருகிற 10 நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்தப் பத்து நாளையும் வயர், அப்டேட் என்று தின்றது யார்? இரண்டு மாதச் சம்பளம் ஐயா!

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். ஸ்பீக்கரின் ஓம், ரிசீவரின் முதுகில் இருக்கிற ஓமுக்குள் வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வாட்டைக் கையேட்டில் ‘8 ஓம், இரண்டு சேனல்’ என்ற வரியில் மட்டும் பாருங்கள். டெமோவில் வயர் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று குனிந்து பாருங்கள். பொருந்தும் என்று சொன்னால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

“விடுப்பா, டிவி சத்தமே போதும்” என்கிறார் அப்பா. நான் விடப்போவதில்லை. இப்போதுதான் மறுபடி கடைக்குப் போன் போட்டேன். மேனேஜர் வெளியே போயிருக்கிறாராம். நாளைக் காலை கடை திறக்கும்போது பில்லையும் அந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.