ஆராய்ச்சி நிர்வாகப் பயிற்சி: போகலாமா?

நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த ஆராய்ச்சித் திட்ட நிர்வாகப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஆராய்ச்சி என்றால் பேராசிரியர் மட்டும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார். நிதி வந்த பிறகு கணக்கு வைப்பது, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் கருவி வாங்குவது, ஆய்வு உதவியாளரை நியமிப்பது எல்லாம் அலுவலகத்தில் யார் தலையிலோ விழுகிறது, அவருக்கு யாரும் சொல்லித் தருவதே இல்லை.

வாங்கிய மானியத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் பற்றிய வகுப்புதான் பிரமாதம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் இந்தச் சான்றிதழுக்கென வரும் படிவம் 12-ஏ-வைத் திரையில் போட்டு, ஒவ்வொரு கட்டமாக எங்களையே நிரப்ப வைத்தார்கள். மானியத்துக்கு வங்கி தரும் வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும் என்றதும் பக்கத்தில் இருந்த கணக்கர் அண்ணன் அழுத்தி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

குறை என்றால் கையேடு. ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த மத்திய அரசின் செர்ப் அமைப்பு போய், 2023 சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்தாகிவிட்டது, கையேட்டில் இன்னும் பழைய பெயர். அப்புறம், இந்த வேலையில் மேலே போக என்ன வழி என்பதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதுதானே முக்கியம்? உயிரியல் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு 2018-இல் தொடங்கிய ஆராய்ச்சி மேலாண்மை முயற்சியைப் பற்றியாவது விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு பரவாயில்லை. கல்லூரி முதல்வர்கள் தங்கள் கணக்கரையும் ஆராய்ச்சிப் பிரிவு எழுத்தரையும் சேர்த்தே அனுப்புங்கள்.