டிப்ஸ்டிக்கா, திரையா? ஆயில் அளவு பார்க்கும் இரண்டு கருவிகள் பற்றி ஒரு மதிப்பாய்வு

எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பானட்டைத் திறந்ததும் மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறதே, அந்த டிப்ஸ்டிக் ஒன்று. டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா, ஹியுண்டாய் கார்களில் பெரும்பாலும் இதுதான். குச்சியே இல்லாமல், ஆயில் தொட்டியின் அடியில் ஒரு சென்சாரை வைத்து அளவைத் திரையில் காட்டுவது இன்னொன்று. பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ் மாடல்கள் பலவற்றில் இது உண்டு.

எண்ணெய்க் கிண்டி வடிவத்தில் எரியும் சிவப்பு விளக்கையும் அளவுகாட்டி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. அது எரியும் நேரத்தில் பேரிங்குகளுக்கு ஆயில் போவது நின்றிருக்கலாம். தீவு விரைவுச்சாலையில் எரிந்தாலும் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டியதுதான். அடுத்த வெளிவழி வரை ஓட்டிப் பார்ப்போம் என்று போனால் எஞ்சினையே மாற்ற நேரிடும்.

இரண்டில் எங்கள் ஓட்டு டிப்ஸ்டிக்குக்கே. அதில் மின்கம்பி கிடையாது, மென்பொருள் கிடையாது. ஆயிலின் அளவோடு நிறம், மணம், பிசுபிசுப்பு எல்லாவற்றையும் விரல்நுனிக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே குறை, பார்க்கிறவர் கை சரியாக இருந்தால்தான் அது சரியாகப் பேசும். தப்பாகப் பார்ப்பது எளிது. நம் ஊரில் இன்னும் எளிது.

முதல் வில்லங்கம் தரை. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சாய்தளத்தை ஒட்டிய இடங்கள் பார்வைக்குச் சமதளம் போலவே இருக்கும். மொட்டைத் தளமோ மழைநீர் வடிவதற்காகவே லேசாகச் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயில் தொட்டி 30 செ.மீ. நீளம், தரைச் சாய்வு 3 விழுக்காடு என்றால், தொட்டியின் இரு முனைகளுக்கும் இடையே ஆயில் மட்டம் 9 மி.மீ. மாறும். டிப்ஸ்டிக் ஒரு முனையில் இருந்தால் 4, 5 மி.மீ. கூடவோ குறையவோ காட்டும். குச்சியில் நிறைந்த அளவைக் காட்டும் மேல்குறி, குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்குறி என இரண்டு குறிகளுக்கும் இடைவெளியே சில செ.மீ.தான், அதில் 5 மி.மீ. தவறு என்பது சின்ன விஷயமில்லை. பாதி தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலைச் சக்கரத்தின் பக்கத்தில் படுக்க வைத்தால் தரையின் சாய்வு தெரிந்துவிடும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையில் நிறுத்திப் பார்ப்பது அதைவிட நல்லது. அப்போது போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள மாற்றமாவது நிஜமாக இருக்கும்.

அடுத்தது நேரம். எஞ்சினை அணைத்தவுடன் ஆயிலில் ஒரு பகுதி மேலே, வால்வுகளைச் சுற்றித் தங்கியிருக்கும். அது கீழே இறங்கவேண்டும். எஞ்சின் சூடானபின் அணைத்து, 5 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறது டொயோட்டா கையேடு. ஹோண்டா ஏறக்குறைய 3 நிமிடம் போதும் என்கிறது. காலையில் வண்டியை எடுக்குமுன் பார்ப்பவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் அளவு கொஞ்சம் குறைவாகத் தெரியும். 4 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 170 மி.லி. பெருக்கும். இரண்டு குறிகளுக்கும் இடையே பல கார்களில் 1 லிட்டர் அளவே இருப்பதால், அதில் ஆறில் ஒரு பங்கு இந்தச் சூட்டிலேயே போய்விடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் பார்த்து மேல்குறி வரை ஊற்றினால், சூடானதும் குறியைத் தாண்டி நிற்கும்.

இனி குச்சியை எடுக்கலாம். முதல் தடவை உருவும்போது தெரிவதை நம்ப வேண்டாம். வண்டி ஓடியபோது குழாயில் தெறித்த ஆயில் குச்சி முழுக்க ஒட்டியிருக்கும். நூல் பிரியாத துணியால் துடைக்கவும். டிஸ்யூ தாள் என்றால் துணுக்கு எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும். வளையம் குழாய் வாயில் நன்றாக அமரும்வரை திரும்பச் செருகி, இரண்டு விநாடி விட்டு உருவவும். குச்சியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தால் ஆயில் மேலேறி ஏமாற்றும். நுனி கீழே இருக்கட்டும், அல்லது படுக்கைவாட்டில் பிடிக்கவும். குச்சியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மேல்குறி வரையும் மறுபக்கம் பாதி வரையும் காட்டினால், குறைவாகக் காட்டுவதே உண்மை. மற்றது குழாய்ச் சுவரில் உரசி ஏறியது. சந்தேகம் வந்தால் இன்னொரு முறை.

புதிதாக மாற்றிய ஆயில் தேன் நிறத்தில் பளிங்கு மாதிரி இருப்பதால் கோடு கண்ணுக்கே தெரியாது. நுனியை வெள்ளைத்தாளில் பக்கவாட்டாக ஒற்றி எடுத்தால் ஈரம் எதுவரை என்று தாளில் பதிந்துவிடும். நகைக்கடைத் தராசு போல மில்லிலிட்டர் கணக்கில் துல்லியம் தேடவும் வேண்டாம். இரண்டு குறிகளுக்கு நடுவில் எங்கே இருந்தாலும் எஞ்சினுக்குப் போதும்.

கீழ்க்குறியைத் தொட்டிருந்தால் ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்த்துவிடாமல், முதலில் அரை லிட்டர், பிறகு 200 மி.லி. 200 மி.லி.யாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் விட்டுப் பார்க்கவும். கூடிப்போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தொட்டிக்கு மேலே இருக்கும் கிராங்க் தண்டு சுழலும்போது ஆயிலில் அடிபட்டால் மோர் கடைந்தது போல நுரை பொங்கும். பம்ப் நுரையை உறிஞ்சினால் அழுத்தம் நிற்காது. மிஞ்சிய ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக எரியறைக்குள் போய்ப் புகையாகும். நாளடைவில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாழாகும். குறைந்துபோனால் வேறு தொல்லை. வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சுகுழல் காற்றை இழுக்கும். டர்போ உள்ள காரில் முதல் அடி அதன் பேரிங்குக்குத்தான்.

ஆயில் மாற்றித் தரும் பட்டறைகளின் ‘4 லிட்டர் பேக்கேஜ்’ பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சின் மிங், உபி, காக்கி புக்கிட் என்று எங்கே போனாலும் இந்தக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். எஞ்சின்கள் 4 லிட்டர் கணக்கில் செய்யப்படவில்லை. கொரோலா ஆல்டிஸின் 1இசட்ஆர்-எஃப்இ எஞ்சின் ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் பிடிக்கும், ஃபில்டர் மாற்றாவிட்டால் 3.9. 4 லிட்டரோடு நிறுத்தினாலும் 200 மி.லி.தான் குறையும், குறிகளுக்குள்ளேயே நிற்கும். தகராறு சிறிய எஞ்சின்களில்தான். மூன்றரை லிட்டருக்குமேல் கொள்ளாத எஞ்சினில், மிச்சம் வைப்பானேன் என்று பாட்டிலை முழுக்கக் காலி செய்தால் அரை லிட்டர் மிகை. மிச்ச ஆயிலைப் பாட்டிலோடு வாங்கிக்கொள்ளுங்கள், அது நீங்கள் காசு கொடுத்தது. புது ஃபில்டர் காலியாக இருக்கும். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டால்தான் அதற்குள் ஆயில் நிரம்பும். அதன்பின் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்க்கும் பட்டறை நல்ல பட்டறை. ஊற்றிய கையோடு மூடியைத் திருகி பில்லை நீட்டினால், பணம் கொடுப்பதற்குமுன் நீங்களே குச்சியை உருவிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரைக்கு வருவோம். கையில் கறை படாது, பானட் திறக்க வேண்டாம். மழை நாளில் அதுவே பெரிய சௌகரியம். ஆனால் டிப்ஸ்டிக் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வேலைக்காகாது. டிப்ஸ்டிக் காரில் எஞ்சினை அணைக்கவேண்டும். பிஎம்டபிள்யூவின் விரிவான அளவீட்டுக்கோ எஞ்சின் சூடாகி, சமதளத்தில் நின்றபடி ஓடிக்கொண்டிருக்கவேண்டும். சுமார் ஒரு நிமிடம் எடுக்கும். ஆயில் மாற்றிய உடனே பார்த்தால் பழைய அளவைக் காட்டலாம், அல்லது எதுவுமே காட்டாமல் இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றுவதுதான் இந்த வகைக் கார்களில் அடிக்கடி நடக்கும் கூத்து. மொத்த அளவைக் கையேட்டில் பார்த்து, அளந்து ஊற்றி, ஓட்டிச் சூடாக்கியபின் திரையைக் கேட்பதே முறை. சென்சார் பழுதானால் உங்களிடம் மாற்றுக் கருவி எதுவும் இருக்காது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. ஆயிலில் பெட்ரோல் மணக்கிறதா, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்து பால்காப்பி நிறமாகிவிட்டதா என்றும் திரை சொல்லாது. இதற்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கலாம், அதுவும் மழைக்காக.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பது? 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை ஆயில் குறைவதை ஏற்கத்தக்கது என்றே டொயோட்டா கையேடு சொல்கிறது. அந்த வேகத்தில் தின்னும் எஞ்சினில் மேல்குறியில் இருக்கும் ஆயில் 1,000 கிலோமீட்டரிலேயே கீழ்க்குறிக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு 250 கி.மீ. ஓட்டும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநருக்கு அது நான்கே நாள். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 10 ஆண்டைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை குச்சியைப் பார்ப்பது நல்லது. ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போனால் அதுவும் நோய்தான்: குறைந்த தூரமே ஓடும் வண்டியில் பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள்.

பத்துமலைக்கோ கெந்திங்குக்கோ கிளம்புகிறவர்கள் அதே தரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பின்னால் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். வழியில் 0டபிள்யூ-20 தர ஆயில் கிடைக்காமல், அதைவிடச் சற்றுக் கெட்டியான 5டபிள்யூ-30 தான் கிடைத்தது என்றால் தயங்காமல் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.