எண்ணூர்ப் புகை எங்கே இறங்குகிறது: ஏர்மாட்டா, கால்பஃபா?

வடசென்னையில் புதிய ஆலையோ விரிவாக்கமோ வருகிறதென்றால், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வரும். புகை எங்கே, எவ்வளவு விழும் என்று காட்டும் வண்ணப் படம் அதில் இருக்கும். அதை எந்த மாடல், அதாவது புகையின் போக்கைக் கணக்கிடும் எந்தக் கணினி நிரல், போட்டது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஏர்மாட்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005இல் ஏற்றுக்கொண்ட மாடல் இது. ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். அந்த மணிக்குக் காற்றுக்கு ஒரே திசை, ஒரே வேகம். நொடிக்கு 1 மீட்டர் காற்றில் புகை மணிக்கு 3.6 கிலோமீட்டர்தான் நகரும். ஏர்மாட் கணக்கில் அதே மணிக்குள் 10 கிலோமீட்டர் தாண்டியும் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த மணி பிறந்ததும் பழைய புகை கணக்கிலேயே இருக்காது.

இன்னொரு மாடலான கால்பஃப் புகையைத் துண்டு துண்டாக விட்டு, காற்று திரும்பும் பக்கமெல்லாம் ஒவ்வொன்றையும் தொடர்ந்து போகும். இரவில் நிலக்காற்று கடலுக்குள் தள்ளிய புகை மறுநாள் கடற்காற்றோடு ஊருக்குள் திரும்புவதும் அதன் கணக்கில் வரும்.

எண்ணூருக்கு இதைவிட முக்கியமான விஷயம் பிற்பகல் கடற்காற்று. அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட் யூனிட்டுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்ற விதி வந்ததே, புகை உயரத்திலேயே கலைந்து போகட்டும் என்றுதான். ஆனால் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் அது கலைவதில்லை. அப்படியே உள்ளே மிதந்து வருகிறது. கீழே வெயிலில் காய்ந்த தரை காற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். அப்படிக் கலங்கும் அடுக்கு கரையோரம் தாழ்வாக இருந்து, உள்ளே போகப் போக உயரும். புகை அதைத் தொடுகிற இடத்தில் சட்டென்று தரைக்கு இறங்கிவிடும். வல்லூர், அத்திப்பட்டுக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, மீஞ்சூர்ப் பக்கம் இருப்பது வெற்று நிலமா? வீடுகள், பள்ளிகள். ஏர்மாட்டின் வழக்கமான கணக்கில் இந்த இறக்கத்துக்கு இடமில்லை. கரைக்கோட்டைக் கொடுத்தால் கால்பஃப் கணக்கிடும்.

சரி, பிறகு ஏன் எல்லோரும் கால்பஃபை எடுப்பதில்லை? முப்பரிமாணக் காற்றுத் தரவு வேண்டும், கணினி நேரம் வேண்டும், அனுபவசாலியும் வேண்டும். தேர்வுகள் ஏராளம், ஒன்றை மாற்றினால் விடை மாறும். அதே அமெரிக்க முகமை 2017இல் அதைத் தன் முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்தும் விட்டது. ஏர்மாட்டுக்கு ஒரு வானிலை நிலையத்தின் தரைத் தரவும், மேல்காற்றை அளக்கும் பலூனின் தரவும் போதும். ஆனால் மீனம்பாக்கத்தில் பலூன் ஏறுவது காலை 5.30க்கும் மாலை 5.30க்கும். எண்ணூரின் பிற்பகல் 2 மணிக் காற்றை அது பார்ப்பதே இல்லை.

என் கருத்து இது: மணலியின் தாழ்ந்த புகைபோக்கிகளுக்கு ஏர்மாட் போதும். கரையோர உயரப் புகைபோக்கிகளுக்கு கால்பஃப் கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா போன்ற விபத்துக்கு இரண்டுமே ஆகாது. அதற்கு அலோஹா போன்ற கசிவு மாடல்கள் தனியாக இருக்கின்றன.

எந்த மாடலானாலும் மணிவாரி உச்ச அளவைக் கேட்டு வாங்குங்கள். நம் 2009ஆம் ஆண்டுக் காற்றுத் தரத்தில் கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணிச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம்; ஒரு மணிக்கென்று வரம்பே கிடையாது. பிற்பகலில் 2 மணி நேரம் 400, மீதி 22 மணி நேரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 52தான் வரும், அறிக்கையில் எல்லாம் வரம்புக்குள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த வாயு சில நிமிடங்களிலேயே மூச்சை இறுக்கிவிடும்.