கம்பம் பன்னீர் திராட்சை: தோட்டத்து வாசல் கடை
சுருளிப்பட்டிச் சாலையில் தோட்டத்தை ஒட்டியுள்ள இந்தக் கடைக்கு, காலையில் பறித்த பன்னீர் திராட்சை, காம்பின் பச்சை மாறாமலும் பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு கலையாமலும் வந்து சேர்கிறது. விதை உண்டு, தோலும் சற்றுத் தடிப்புதான், ஆனால் அந்த மணத்துக்கு ஈடில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பழம், கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலம் (கொடிகளை வெட்டிவிடும் பருவம்) மாறுவதால் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் பறிப்புக்கு வரும் என்ற கணக்கை வைத்து, அடுத்த பறிப்பு எப்போது என்பதைக் கடைக்காரர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். நான் இக்கடையைப் பரிந்துரைக்க அதுவே முதற்காரணம். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து இனிப்பும் குறையும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொத்தின் உட்பக்கத்தையும் பார்த்து அளவாக வாங்குங்கள்.